விலக முடியாத ஐந்தாவது ஆள்

எங்கள் பள்ளியின் நிர்வாகக் குழுவில் ஒரு வக்கீல் இருந்தார், ஒரு வங்கி அதிகாரி இருந்தார், ஆஸ்பத்திரி நிர்வாகி ஒரு பெண்மணி இருந்தார், விமானப் படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருந்தார். அப்புறம் பிணம் அடக்கம் செய்பவர் ஒருவர். அந்தக் கடைசி ஆள்தான் ஹாலிஸ் டாலிவர்.

டேட்டன் நகரத்தில், ஆற்றுக்கு மேற்கே வசிக்கும் எங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையே கிடையாது. அவருடைய அப்பா தொடங்கிய இறுதிச் சடங்கு இல்லம் மூன்றாவது தெருவில், வெள்ளைத் தூண்களோடு, தேவாலயத்துக்கு எதிரில் நிற்கிறது. என் அப்பாவை அவர்தான் அடக்கம் செய்தார். என் அண்ணனையும் அவர்தான். ஆறடிக்கு மேல் உயரம், கறுப்பு சூட், பஞ்சு மாதிரி குரல். வியாழக்கிழமைகளில் பந்துருட்டிக் கட்டை சாய்க்கும் பௌலிங் மன்றத்தில் மட்டும் அந்தக் குரல் வேறு. அவர் சிரிப்பது வாசல்வரை கேட்கும்.

நான் மார்வா. பிளம் தெரு அகாடமியின் அலுவலகத்தில் பதினோரு வருஷம் இருந்தேன். வருகைப் பதிவு, தொலைபேசி, காய்ச்சல் வந்த பிள்ளையைப் படுக்க வைப்பது, எல்லாம் நான்தான். எங்களுடையது சார்ட்டர் பள்ளி. பணம் அரசாங்கத்தினுடையது, ஆனால் நடத்துவது அரசாங்கம் இல்லை. உரிமம் கொடுக்கும் ஓர் அமைப்பும், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவும். அந்த ஐவருக்குச் சம்பளம் கிடையாது. மாதம் ஒருமுறை நூலக அறையில் கூடுவார்கள், நான் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பேன்.

டாலிவர் அந்தக் குழுவுக்குள் வந்ததே ஒரு கதை. உரிமம் கொடுத்தவர்கள் ஒரு தடவை, "உங்கள் குழுவில் எல்லாருமே ஆற்றுக்கு அந்தப் பக்கம். பிள்ளைகள் எல்லாம் இந்தப் பக்கம். இங்கே வசிக்கும் ஒருவராவது வேண்டாமா?" என்று கேட்டுவிட்டார்கள். பள்ளி முதல்வர் லொரேன் எஸ்டஸ் அம்மாவுக்கு அந்த வாரம் சித்தி சாவு. கல்லறையிலிருந்து திரும்பும் காரிலேயே டாலிவரைப் பிடித்துவிட்டார்.

"எனக்குப் படிப்பைப் பத்தி என்ன தெரியும் மேடம்?" என்றாராம் டாலிவர்.

"எங்க பிள்ளைங்களோட குடும்பம் ஒண்ணு விடாம உங்களுக்குத் தெரியும்."

"தெரியும், ஆனா அவங்க வாழ்க்கையிலேயே மோசமான நாள்ல பார்த்ததுதான்."

"அது போதும். வாங்க."

பள்ளியின் இணையப் பக்கத்தில் குழுவினரின் பெயரும் தொழிலும் போட வேண்டும். நான்தான் தட்டச்சு செய்தேன். வக்கீல் கிரெக் கெஸ்லர் தன்னைப் பற்றி ஒரு பெரிய பத்தியே அனுப்பியிருந்தார். டாலிவருடைய தொழிலுக்கு வந்ததும் கெஸ்லர் இழுத்தார். "பெற்றோர் பார்க்கிற பக்கம் இது. பிணம், சவப்பெட்டின்னு போட்டா நல்லாவா இருக்கும்? சிறுதொழில் அதிபர்னு போடலாமே."

டாலிவர் கையை விரித்தார். "எதையோ போடு மார்வா. இங்க எல்லாருக்கும் நான் யாருன்னு தெரியும். தெரியாதவங்களுக்கு ஒரு நாள் தெரியும்."

கூட்டங்களில் ஒவ்வொருவரும் அவரவர் தொழிலைத்தான் பேசினார்கள். ஒரு பிள்ளை ஊஞ்சலிலிருந்து விழுந்தான் என்றால் கெஸ்லர் உடனே வழக்கைப் பார்ப்பார். வங்கிக்காரர் வேட் பிங்கம் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, இந்த ஊஞ்சலுக்குக் காப்பீடு உண்டா என்பார். ஆஸ்பத்திரி நிர்வாகி ஜோன் மெரிடித், அவனைப் பார்த்த செவிலி யார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று கேட்பார். பொறியாளர் டெல்பர்ட் குயின் அந்தப் பேச்சையே விட்டுவிட்டுக் கூரையைப் பார்ப்பார். அது ஒழுகிக்கொண்டே இருந்தது. டாலிவர் கடைசியில், "அந்தப் பையனோட அம்மாகிட்ட யாராவது பேசினீங்களா?" என்பார். யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அவரே போய்ப் பேசிவிட்டு வருவார்.

ஒரு வருஷம் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கார் விபத்தில் போய்விட்டாள். மறுநாள் வகுப்பில் என்ன சொல்வது என்று ஆசிரியைக்கு நாக்கே எழவில்லை. டாலிவர் வந்தார். அந்தச் சின்ன நாற்காலி ஒன்றில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, "அலெய்னா நேத்து செத்துப் போயிட்டா. இனிமே ஸ்கூலுக்கு வரமாட்டா. நீங்க என்ன வேணா கேக்கலாம்" என்றார். தூங்கிவிட்டாள், வானத்துக்குப் போய்விட்டாள் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் பதில் சொன்னார். அவருடைய தொழிலில் அது ஒரு விதி: முதல் நிமிஷத்திலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும், பிறகு எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். குழுவிலிருந்த மற்றவர்களும் அதைப் பார்த்துவைத்துக்கொண்டார்கள்.

அது நடந்து மூன்று வருஷம் கழித்து ஒரு ஜனவரியில், கூட்டத்தின் நடுவில் கெஸ்லர் என்னைப் பார்த்து, "கதவடைச்சுப் பேச வேண்டியது இருக்கு மார்வா" என்றார். ஆசிரியர் மேல் புகார், வழக்கு என்று ஏதாவது வந்தால் இப்படி நடக்கும். நான் குறிப்பேட்டை மூடிவிட்டு வெளியே வராந்தாவில் உட்கார்ந்தேன். உள்ளே நடந்தது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும், டாலிவரே சொன்னார்.

உரிமத்தை இனிப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அந்த அமைப்பு முடிவு செய்துவிட்டதாம். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது, மதிப்பெண்ணும் ஏறவில்லை. ஜூனோடு பள்ளி மூடப்படும். மார்ச் மாதம்தான் குழு அதைப் பெற்றோருக்கு வெளிப்படையாக அறிவிக்கலாம். அதுவரை இந்த அறையைவிட்டு ஒரு வார்த்தை போகக் கூடாது.

"எதுக்கு மூடி வெக்கணும்? நாளைக்கே சொல்லிருவோம்" என்றார் டாலிவர்.

"சொன்னா வாத்தியாருங்க அடுத்த வாரமே வேற வேலைக்குப் போயிருவாங்க. பாதி பிள்ளைங்களுக்கு வகுப்புல ஆள் இருக்காது. வருஷத்தை முடிக்க முடியாது" என்றார் மெரிடித். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"அம்மா, ஒரு வீட்டுல ஆள் செத்தாச்சு. வர்றவங்ககிட்ட தூங்குறாருன்னு சொல்லி காப்பி கொடுத்து அனுப்பச் சொல்றீங்க. என்னால ஆகாது."

கெஸ்லர் நிதானமாகச் சொன்னார்: "மூடின கூட்டத்துல பேசினதை வெளிய சொன்னா உங்க மேலயும் கேஸ் வரும், ஸ்கூல் மேலயும் வரும். இது என் விருப்பம் இல்ல ஹாலிஸ், சட்டம்."

"அப்ப நான் விலகிக்கறேன். இப்பவே எழுதித் தரேன்."

"நீங்க போனா நாலு பேர்தான். அஞ்சு பேர் இல்லாத குழுவை மாநில அரசு ஏத்துக்காது. அவங்க காத்திருக்கவே மாட்டாங்க, ஜனவரியிலயே கதவைச் சாத்திருவாங்க. இந்தப் பனியில பிள்ளைங்களை ரோட்டுல விட்டது நீங்கன்னு ஆகும்."

டாலிவர் மறுபடி உட்கார்ந்தார். இன்னொன்றும் இருந்தது. பிங்கம் தொண்டையைக் கனைத்தார். தனக்கு வங்கியில் வேலை ரொம்பக் கூடிவிட்டது, தலைவர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது என்றார். மெரிடித் திரும்பி டாலிவரைப் பார்த்தார். "இந்த மாதிரி செய்தியை ஜனங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நம்மள்ல உங்களுக்குத்தானே தெரியும்?"

நாலு கை உயர்ந்தது. டாலிவர் தலைவரானார்.

கதவு திறந்து வெளியே வந்தவரை நான் பார்த்தேன். தொப்பியைத் தலையில் வைக்காமல் கையில் பிடித்தபடியே நின்றார். "என்ன ஐயா, யாரையாவது வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று கேட்டேன், சிரித்துக்கொண்டுதான். "வீட்டுக்குப் போ மார்வா. ரோடெல்லாம் வழுக்குது" என்றார்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்ட பாடு யாருக்கும் தெரியாது.

அவருடைய மனைவி எர்னஸ்டின் ஒவ்வொரு பிப்ரவரியிலும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மீன் பொரித்து விற்பார். அந்த வருஷம் அது எங்கள் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவுக்குப் புதுச் சீருடை வாங்குவதற்காக. சிவப்புக் கோட்டு, பொன்னிறப் பொத்தான். துணியின் மாதிரியை எர்னஸ்டின் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

"இந்த வருஷம் வேணாமே எர்னி. உனக்கு முட்டி வலி வேற" என்றார் டாலிவர்.

"என் முட்டி மேல திடீர்னு என்ன அக்கறை? முப்பது வருஷமா இல்லாதது."

"அடுத்த வருஷம் செய்யலாமே."

"அடுத்த வருஷம் இந்த எட்டாம் கிளாஸ் பிள்ளைங்க இருக்க மாட்டாங்க. பேசாம மாவைத் தடவு."

அவர் மாவைத் தடவினார். சோள மாவில் மிளகுப் பொடி கலந்து, மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி மனைவியிடம் நீட்டினார். வரிசையில் நின்ற பெற்றோர் ஒவ்வொருவரும் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். நானும் தட்டினேன்.

நானும் அவரைச் சும்மா விடவில்லை. அந்த வாரம்தான் பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் எனக்கு வாடகைக்கு ஒரு வீடு அமைந்தது. பழைய வீட்டில் மூன்று மாடி ஏற வேண்டும். டாலிவர் அலுவலகத்துக்கு வந்தபோது சாவியை ஆட்டிக் காட்டினேன்.

"ரெண்டு வருஷத்துக்கு எழுதிட்டேன் மிஸ்டர் டாலிவர். இனிமே பனியில பஸ்ஸுக்கு நிக்க வேணாம்."

"ரெண்டு வருஷமா? கையெழுத்துப் போட்டாச்சா?"

"நேத்தே போட்டாச்சு. ஏன்?"

"இல்ல, ஒரு வருஷத்துக்கு எழுதியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். என் மேசையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து, திறந்து, மூடி வைத்தார். "நல்ல வீடா இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சந்தோஷமாக ஒரு விஷயம் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாரே என்று நினைத்தேன்.

பந்துருட்டும் மன்றத்துக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். அங்கே வருபவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகளோ பேரப் பிள்ளைகளோ எங்கள் பள்ளியில்தான் படித்தார்கள். தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போவார். தன் இறுதிச் சடங்கு இல்லத்தின் கீழ்த்தளத்தில், உடல்களைத் தயார் செய்யும் அறையில்தான் அதிக நேரம் இருந்தார். அங்கேதான் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

ஒரு தடவை தாங்க முடியாமல் ஆற்றைக் கடந்து கெஸ்லரின் அலுவலகத்துக்கே போயிருக்கிறார். "ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொல்லிடறேன்" என்று கெஞ்சியிருக்கிறார். கெஸ்லர் கெட்டவர் இல்லை. தனக்கும் சரியாகத் தூக்கமில்லை என்றார். "ஒண்ணுக்குச் சொன்னா மத்தவங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க ஹாலிஸ்?" என்று கேட்டார். டாலிவர் தொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

அந்த ஒரு குடும்பம் வெனெட்டா பிரைஸ் குடும்பம்.

வெனெட்டா நகரப் பேருந்து ஓட்டுபவர். மூன்று பிள்ளைகளும் எங்களிடம்தான். பிப்ரவரி கடைசியில் அவருடைய மாமியார் இறந்துபோனார். அடக்கம் முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, கல்லறைத் தோட்டத்துச் சேற்றில் நின்றபடி அவர் டாலிவரிடம் கேட்டார்.

"மிஸ்டர் டாலிவர், ஒரு யோசனை சொல்லுங்க. ஊருக்கு வடக்கே ஒரு ஸ்கூல்ல பெரியவனுக்கு இடம் இருக்குதாம். இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் கொடுக்கணுமாம். நல்ல ஸ்கூல்னு சொல்றாங்க. மாத்தவா?"

டாலிவர் காலணியில் ஒட்டிய சேற்றைப் பார்த்தார். "உனக்கு எது நல்லதுன்னு தோணுதோ அதைச் செய் கண்ணு."

"எனக்குத் தோணுறதைக் கேக்கல, உங்களைக் கேக்கறேன்."

"இடம் இருக்குன்னா... போய்ப் பார்க்கறதுல தப்பில்லையே."

வெனெட்டா சிரித்தார். கண்ணெல்லாம் அழுது வீங்கியிருந்தது, இருந்தாலும் சிரித்தார். "நீங்க எனக்காகப் பாக்கறீங்க, எனக்குப் புரியுது. ஆனா அது ரொம்பத் தூரம். நீங்க அந்த போர்டுல இருக்கற வரைக்கும் என் பிள்ளைங்களை நான் எங்கயும் மாத்தறதா இல்ல."

அவர் வெனெட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டால் வாய் திறந்துவிடும் என்று பயமாக இருந்ததாம். வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

மார்ச் நடுவில் ஒரு மாலை, விளையாட்டு அரங்கில் பெற்றோரைக் கூட்டினோம். எதற்கென்று எங்களுக்கே சொல்லவில்லை. கூரையைச் சீர் செய்யப் போகிறார்கள் என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். நான் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். குழுவினர் ஐந்து பேரும் முன்னால் நீள மேசையில் உட்கார்ந்தார்கள். கெஸ்லர் ஓர் அறிக்கை தயாரித்து டாலிவர் கையில் கொடுத்திருந்தார். "தற்போதைய சூழலில்", "கடினமான மாற்றம்", "அனைவரின் நலன் கருதி" என்று நிறைய வாசகங்கள் அதில்.

டாலிவர் எழுந்தார். அந்தத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இந்த ஸ்கூல் ஜூன் மாசத்தோட மூடப்படுது. திரும்பத் திறக்காது. எங்க உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. எங்க அஞ்சு பேருக்கும் இது ஜனவரியில இருந்து தெரியும்."

கடைசி வாக்கியம் தாளில் இல்லை. கெஸ்லர் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தார். பிங்கம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. என் கைப்பையில் இருந்த வீட்டுச் சாவியைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். எர்னஸ்டின் மூன்றாவது வரிசையில் இருந்தார். புருஷனைப் பார்த்தார், பிறகு மடியைப் பார்த்தார்.

வெனெட்டா எழுந்து மேசைவரை வந்துவிட்டார். பேருந்துச் சீருடையோடு, வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்.

"என் மாமியார் அடக்கத்துல என் கையைப் பிடிச்சுட்டு நின்னியே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் வாய்விட்டுக் கேட்டேனே, மாத்தவான்னு. அப்பவும் தெரியும், இல்ல?"

"தெரியும் வெனெட்டா."

"தெரிஞ்சுக்கிட்டே என்னைப் பார்த்து, உனக்குத் தோணுறதைச் செய்யுன்னு சொன்னே!"

எர்னஸ்டினைத் தவிர அவரை 'நீ' என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கெஸ்லர் குறுக்கிட்டு, "மேடம், சட்டப்படி அவரால..." என்றார். "உன்னை யாரும் கேக்கல. நீ இந்தப் பக்கம் வர்றதே மாசத்துல ஒரு நாள்" என்றார் வெனெட்டா.

அதுதான் நடந்தது. கோபம் முழுக்க அந்த ஒருவர் மேல்தான் விழுந்தது. மற்ற நால்வரும் பேசி முடித்துவிட்டு, கார்களில் ஏறி ஆற்றைக் கடந்து போனார்கள். அவர்களை யாரும் மளிகைக் கடையிலோ முடிதிருத்தும் கடையிலோ பார்க்கப் போவதில்லை. டாலிவர் கடைசி ஆள் திட்டி முடிக்கும்வரை அந்த மேசையிலேயே நின்றிருந்தார்.

வீட்டில் எர்னஸ்டின் கத்தவில்லை. "நான் மீன் பொரிச்சுக்கிட்டு இருந்தப்ப நீ பக்கத்துல நின்னு மாவு தடவிக்கிட்டு இருந்தே" என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு மகளுடைய பழைய அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். தைத்து வந்த சீருடைகள் பெட்டி பிரிக்காமலே வேறு ஒரு பள்ளிக்குப் போயின.

எங்கள் பக்கத்துச் சாவுகள் மூன்றாவது தெருவைத் தாண்டிப் போக ஆரம்பித்தன. முதலில் பள்ளிப் பெற்றோர், பிறகு அவர்களுடைய உறவினர். தேவாலயத்தில் அவரோடு பாட்டுக் குழுவில் பாடியவரின் உடலைக்கூட ஊரின் மறுகோடியில் இருந்த வேறு ஒருவரிடம் கொண்டுபோனார்கள். "பொய் சொல்றவன் கையில என் அம்மாவைக் கொடுக்க மாட்டேன்" என்று முடிதிருத்தும் கடையில் ஒருவன் சொன்னதை நானே கேட்டேன். நான் அவனை மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம் இருந்தது. ஒரு மாதம்போல அவர் அலுவலகத்துக்கு வந்தால் நான் எழுந்து பின்னறைக்குப் போய்விடுவேன்.

ஜூன் மாதம் பிள்ளைகள் போனார்கள். வெனெட்டாவின் மூவரும் மூன்று வெவ்வேறு பள்ளிகளில் சேர்ந்தார்கள். வடக்கே இருந்த அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. காலையில் முதல் பேருந்தை எடுப்பதற்குள் அந்தப் பள்ளிகளுக்குப் பக்கத்தில் தெரிந்தவர்கள் மூன்று பேர் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார் என்று கேள்விப்பட்டேன்.

பள்ளி போனது, ஆனால் குழு போகவில்லை. ஒரு பள்ளியை மூடுவது என்றால் சும்மா இல்லை. பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும், மேசை நாற்காலியைக் கணக்குக் காட்ட வேண்டும், தணிக்கை முடிய வேண்டும். அதுவரை ஐந்து பேரும் இருந்தே ஆக வேண்டும். என்னையும் அந்த வேலைக்காக நிறுத்திக்கொண்டார்கள். நானும் டாலிவரும் வெயிலில் வெறிச்சோடிய வகுப்பறைகளில் பெட்டி கட்டினோம். அப்போதுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. "அன்னிக்கு நீ வீட்டுச் சாவியைக் காட்டினே. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு மார்வா" என்றார். நான் டேப்பைக் கிழித்து அடுத்த பெட்டியை ஒட்டினேன். அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொண்டோம்.

இலையுதிர் காலத்தில் பிங்கமுக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தது. ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான், போய்விட்டார். மீதி நாலு பேர்.

"புது ஆளைச் சேர்க்கறதைத் தவிர நாலு பேர் வேற எந்தத் தீர்மானமும் போட முடியாது. கலைச்சிட்டோம்னு தீர்மானம் போடக்கூட அஞ்சு பேர் வேணும்" என்றார் கெஸ்லர்.

"அப்ப நான் சாகற வரைக்கும் இந்தக் குழுவுல இருக்கணுமா?"

"யாராவது ஒருத்தரைப் பிடிங்க ஹாலிஸ். அந்தப் பக்கம் உங்களுக்குத்தான் ஆள் தெரியும்."

ஆள் தெரியும் என்பதுதான் கஷ்டமாகப் போயிற்று. போதகரிடம் கேட்டார்; அவர் ஜெபித்துச் சொல்வதாகச் சொன்னார், சொல்லவே இல்லை. முடிதிருத்துபவரிடம் கேட்டார். "செத்துப்போன ஸ்கூலுக்கு போர்டு மெம்பரா? அதுக்கும் பவுடர் பூசிப் பெட்டியில வெக்கணுமா, உங்க தொழில்தானே அது?" என்று அவர் கேட்க, கடையே சிரித்தது. என்னைச் சேர்க்க வழியில்லை, நான் சம்பளம் வாங்குபவள்.

ஒரு மத்தியானம் டாலிவர் வெனெட்டாவின் பேருந்தில் ஏறினார். வெனெட்டா கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். எல்லாரும் இறங்கி, பேருந்து கடைசி நிறுத்தத்தில் நின்றபோது இவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு மேல போகாது. இறங்குங்க" என்றார் வெனெட்டா.

"ஒண்ணு கேக்க வந்தேன்."

"நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், அது ஞாபகம் இருக்கா?"

"தினமும் இருக்கு."

வெனெட்டா தெர்மாஸைத் திறந்து காப்பியை ஊற்றிக்கொண்டார். இவருக்குக் கொடுக்கவில்லை. இவர் விஷயத்தைச் சொன்னார், முதல் நிமிஷத்திலேயே: ஐந்தாவது ஆள் வேண்டும், சம்பளம் இல்லை, நன்றியும் கிடைக்காது, யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அஞ்சாவது ஆள் வரலைன்னா உங்களுக்கு விடுதலை இல்லை, அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்ப நான் ஏன் வரணும்? கிடங்க."

அவர் தலையாட்டினார். எழுந்து படிக்கட்டுக்கு வந்தார். அப்போது வெனெட்டா பின்னாலிருந்து கேட்டார்: "மூடின கதவுக்குள்ள பேசினது எல்லாம் அஞ்சாவது ஆளுக்குக் காட்டியாகணுமா?"

"ஆமா. ஒண்ணு விடாம."

"எல்லாத்தையும் கேக்கலாமா? அந்த வக்கீல் பதில் சொல்லணுமா?"

"சொல்லித்தான் ஆகணும்."

வெனெட்டா காப்பியைக் குடித்து முடித்தார். "கூட்டம் ஆத்துக்கு இந்தப் பக்கம்தான் நடக்கணும். என் வேலை முடிஞ்சதுக்கு அப்புறம்தான். அவங்க வரட்டும், வண்டி நிறுத்த இடம் தேடட்டும்."

குழுவினரின் தொழில் விவரத்தை மாநில அரசுக்குப் புதிதாக அனுப்ப வேண்டியிருந்தது. நான் வெனெட்டாவைத் தொலைபேசியில் கேட்டேன். "பஸ் டிரைவர்னு போடு மார்வா. போக்குவரத்து நிபுணர், அது இதுன்னு அழகு பண்ணினா நான் வரமாட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற டாலிவரிடம் சொன்னேன். "என்னுதையும் மாத்திடு. பிணம் அடக்கறவன்னு போடு" என்றார். மாற்றினேன்.

நவம்பரில் மேற்குப் பக்கத்துப் பொது நூலகத்தின் சின்ன அறையில் கூட்டம் நடந்தது. அன்றோடு கலைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் டாலிவர் புது டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் எர்னஸ்டின்தான் அதை எடுத்துக் கொடுத்தாராம். மேசையில் வைத்துவிட்டு மகளுடைய அறைக்குப் போய்விட்டாராம். மெரிடித் வந்தார், குயின் வந்தார். கெஸ்லர் வண்டி நிறுத்த இடமில்லாமல் பத்து நிமிஷம் தாமதமாக, மூச்சு வாங்க வந்தார். வெனெட்டா சீருடையோடு கடைசியாக வந்து டாலிவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

கெஸ்லர் தாள்களைப் புரட்டி, ஒரு சிக்கல் இருப்பதாகச் சொன்னார். கூரை ஒழுகியதற்கான காப்பீட்டுத் தகராறு இன்னும் தீரவில்லை. பள்ளி வாடகைக்கு இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் வழக்குப் போடலாம். அது முடியாமல் குழுவைக் கலைக்க முடியாது.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று டாலிவர் கேட்டார்.

"அடுத்த வருஷம் இந்நேரம் வரைக்கும் ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம்."

குயின் பெருமூச்சு விட்டார். மெரிடித் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தான் மட்டும் விலகிக்கொள்ள ஏதாவது வழி உண்டா என்று மெல்லக் கேட்டார். டாலிவர் டையைத் தளர்த்திக்கொண்டார். அறையின் ஒரே ஜன்னலும் வாகன நிறுத்தத்தைப் பார்த்தபடி இருந்தது; அங்கே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது.

"யாரும் எங்கயும் போக வேணாம்" என்றார் வெனெட்டா. "எனக்கு அஞ்சு மாசமா நேரமே இல்லை. இன்னிக்கு நிறைய நேரம் இருக்கு. ஜனவரிக் கூட்டத்துல என்ன பேசினீங்களோ, அதுல இருந்து ஆரம்பிங்க."

கெஸ்லர் டாலிவரைப் பார்த்தார். டாலிவர், தலைவர் என்ற முறையில், தொண்டையைச் சரி செய்துகொண்டார். வெனெட்டா நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, கையைக் கன்னத்தில் வைத்துக் கேட்கத் தயாரானார்.